ஜானம்: சொல்லும், அதைக் கற்றுத்தருபவரும்

‘ஜானம்’ பாலிச் சொல். மனம் தடைகளிலிருந்து விலகி ஒன்றி நிற்கும் நான்கு படிகளை ஆதி பௌத்தம் இப்படி அழைக்கிறது. வடமொழியில் ‘த்யான’, வேர் ‘த்யை’, ஆழ்ந்து எண்ணுதல். சீனத்தின் ‘சான்’, ஜப்பானின் ‘ஜென்’ இதன் வழிவந்தவை. ‘ஞானம்’ இதற்கு உறவே இல்லை. அதன் வேர் ‘ஜ்ஞா’, அறிதல். தமிழில் இரண்டையும் கலந்து எழுதுவோர் நிறையப் பேர்.

5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அநுராதபுரத்தில் விசுத்திமக்கம் என்னும் தியான வழிகாட்டி நூலை இயற்றிய புத்தகோசர் ‘ஜாபேதி’, எரித்தல், என்றும் பிரித்துக் காட்டுகிறார். காமவேட்கை, வெறுப்பு, சோம்பல், கொந்தளிப்பு, ஐயம் ஆகிய ஐந்து தடைகளையும் எரிப்பது ஜானம். இந்த விளக்கம் வேர்ச்சொல்லாய்வுக்கு நிற்காது, பயிற்சிக்கு நிற்கும்.

தமிழில் ‘தியானம்’ அதே சொல்தான். ஆனால் இன்று கண்மூடி உட்காருவதெல்லாம் தியானம். ‘ஆழ்நிலைத் தியானம்’ மகேஷ் யோகியின் முறைக்குப் பெயராகிவிட்டது. எனவே தனித்தமிழாளர் தந்த ‘ஊழ்கம்’ என்பதிலிருந்து ‘ஊழ்கநிலை’ எனக் கொள்ளலாம்: முதல் ஊழ்கநிலை, இரண்டாம் ஊழ்கநிலை.

ஆசிரியரைத் தேடுவோர் முதலில் கேட்க வேண்டியது, அவர் எதை ஜானம் என்கிறார் என்பதே. விசுத்திமக்க வழியில் மூச்சைக் கவனிக்கையில் ‘நிமித்தம்’ என்னும் ஒளி தோன்றி நிலைக்க வேண்டும். அதில் மனம் முழுதும் அமிழ்ந்தபின் ஓசை கேட்காது. பர்மாவில் மோல்மீன் அருகேயுள்ள பா அவுக் மடமும், அம்முறையைப் பின்பற்றும் இலங்கையின் நா உயன ஆரண்யமும் இவ்வகை. ‘சுத்தங்கள்’ எனப்படும் புத்தரின் உரைகளை மட்டும் கொள்வோர், பிரீதியும் (மகிழ்ச்சிப் பெருக்கும்) சுகமும் உடலெங்கும் பரவுவதையே முதல் ஜானம் என்பர். “முதல் ஜானத்தில் ஓசை கேட்குமா?” என்ற ஒரு கேள்வியே ஆசிரியர் எந்தப் பக்கம் என்று காட்டிவிடும். முதல் ஜானத்துக்கு ஓசை முள் என்கிறது, அவ்வுரைகளின் தொகுப்புகளுள் (நிகாயங்களுள்) ஒன்றான அங்குத்தர நிகாயம். அந்த வரிக்கும் இரு தரப்பும் இரு பொருள் சொல்கின்றன.

“நான் நான்காம் ஜானம் அடைந்தவன்” என்று விளம்பரம் செய்யும் துறவியிடமிருந்து விலகுங்கள். இல்லாத பேற்றை உண்டென்று அறிந்தே பொய் சொன்னால் அது நான்காம் பாராஜிகம், துறவையே இழக்கச் செய்யும் குற்றம். அவர் துறவியே அல்லர். உண்மையாகவே அடைந்திருந்தாலும், துறவு பூணாதவரிடம் சொல்வது பாசித்தியக் குற்றம், அறிக்கையிட்டுத் தீர்க்க வேண்டிய சிறு குற்றம். ஆகவே சான்றிதழ் தேடிப் பயனில்லை. ஜானம் பெற்றவர் கிடைக்காவிட்டால், ஒரு நிகாயத்தையாவது உரையோடு கற்ற, பழிக்கு நாணுகிற ஒருவர் போதும் என்று விசுத்திமக்கமே இறங்கி வருகிறது.

அவர் உங்களைச் சோதிக்கிறாரா என்றும் பாருங்கள். “மனம் வெறுமையாகிவிட்டது, நேரம் போனதே தெரியவில்லை” என்று சொன்னதும் வாழ்த்துபவர் ஆபத்தானவர். பெரும்பாலும் அது சோம்பலில் அமிழ்ந்தது. தேர்ந்தவர் விதக்கம் (மனத்தைப் பொருளில் செலுத்துதல்), விசாரம் (அதிலேயே நிறுத்துதல்), பிரீதி, சுகம், ஒருமை ஆகிய முதல் ஜானத்தின் ஐந்து உறுப்புகளும் இருந்தனவா என்று தனித்தனியே கேட்பார். நினைத்தபோது நுழையவும், குறித்த நேரம் தங்கி வெளிவரவும் முடிகிறதா என்று பார்ப்பார். அது கைவராமல் இரண்டாம் படிக்கு அனுப்பமாட்டார்.