பெல்ட்டைக் கழற்றினால் மேனுவல் ஸ்டீயரிங் ஆகிவிடாது

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பவர் ஸ்டீயரிங் ஒழுக ஆரம்பித்ததும் பலர் செய்யும் முதல் வேலை, எண்ணெயை அழுத்தி ஸ்டீயரிங்கைச் சுலபமாக்கும் பம்பின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும், போதாததற்கு நடுவில் லூசாகவும் ஆடும். ‘மேனுவல் என்றால் இப்படித்தான் போல’ என்று நினைத்து, சிலர் மேனுவலாக, அதாவது எண்ணெய் உதவியே இல்லாததாக, மாற்றும் எண்ணத்தையே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் பழகிவிடும் என்று அப்படியே ஓட்டுகிறார்கள். இரண்டாவது ஆபத்தானது, முதலாவது தேவையில்லாத பயம். தொழிற்சாலையிலிருந்தே மேனுவலாக வந்த அதே மாடல் இவ்வளவு கனக்காது, இப்படி ஆடவும் ஆடாது.

காரணம் இதுதான். பவர் வசதி இருக்கும் தைரியத்தில் வடிவமைப்பாளர்கள் மூன்று காரியங்களைச் செய்திருப்பார்கள். ஸ்டீயரிங் விகிதத்தைக் குறைத்திருப்பார்கள், அதாவது கொஞ்சம் சுற்றினாலே டயர் நிறையத் திரும்பும். காஸ்டர் கோணத்தை (பக்கவாட்டில் பார்த்தால் டயர் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) கூட்டியிருப்பார்கள், அதனால் கார் நேராக ஓடும், வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வரும். மூன்றாவதாக, எண்ணெயை எந்தப் பக்கம் அனுப்புவது என்று வால்வு உணர்வதற்காக ஒரு சிறு அசைவை வேண்டுமென்றே விட்டுவைத்திருப்பார்கள். பம்ப் ஓடும்வரை மூன்றும் நல்லவையே. பம்ப் நின்றதும் முதல் இரண்டும் கையில் கனமாகின்றன, மூன்றாவது நடுவில் ஆட்டமாகிறது. ஸ்டீயரிங்கைத் தள்ள உதவும் சிலிண்டருக்குள் மிஞ்சிய எண்ணெயையும் உங்கள் தோள்தான் தள்ள வேண்டும். ஆக, மேனுவலாக்குவது என்றால் இந்த நான்கையும் சரிசெய்வது. பம்பைக் கழற்றுவது அதில் மிகச் சுலபமான பகுதி.

மாற்றத்தான் வேண்டுமா?

ஒழுகல், ஆட்டம், ஒரு பக்கம் இழுத்தல் என்று வரும் புகார்களில் கணிசமானவை பவர் ஸ்டீயரிங்கை எடுத்தாலும் தீராதவை. எனவே முதலில் சோதனை. டயர்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு அங்குலம் இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும், இன்னொருவர் மேலிருந்து கீழ்வரை ஒவ்வோர் இணைப்பாகப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கிலிருந்து இறங்கும் தண்டின் அடியிலுள்ள ரப்பர் கப்ளிங், ஐட்லர் ஆர்ம் (குறுக்குக் கம்பியின் மறுமுனையைத் தாங்கும் கை), டை ராட் (டயரைத் தள்ளித் திருப்பும் கம்பி) முனைகள் ஆகியவற்றில் ஏதோ ஓரிடத்தில் அசைவு தொலைந்துபோவது கண்ணுக்கே தெரியும். அடுத்து முன்பக்கத்தைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாகச் சுற்றுங்கள். ஒரே சீரான கனம் என்றால் அது எண்ணெய். குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பிடித்தால் பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங் தண்டின் யுனிவர்சல் ஜாயிண்ட், வளைந்த கம்பி என்று தேட வேண்டும். இந்தப் பழுதுகள் மேனுவலாக்கிய பிறகு இன்னும் கூர்மையாகத் தெரியும், ஏனென்றால் அவற்றை மறைக்க இனி எண்ணெய் இல்லை.

கார்வெட்: இணைப்புக் கம்பியில் உதவி

1963 முதல் 1982 வரையிலான செவ்ரோலே கார்வெட் இந்த மாற்றத்துக்கு மிகவும் இணக்கமான கார். இதில் ஸ்டீயரிங் தண்டின் சுழற்சியைக் கம்பிகளின் அசைவாக மாற்றும் ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் எண்ணெய் அழுத்தம் கிடையாது. பவர் காருக்கும் மேனுவல் காருக்கும் அதே பாக்ஸ்தான். உதவி முழுக்க வெளியே இருக்கிறது: ரிலே ராடு எனும் குறுக்குக் கம்பியின் முனையில் ஒரு கன்ட்ரோல் வால்வு, அதிலிருந்து ஹோஸ் வழியாக ஒரு சிலிண்டர், சிலிண்டரின் தண்டு சேஸிஸில் ஒரு பிராக்கெட்டில் மாட்டியிருக்கும். ஒழுகுவதற்கு இத்தனை இடம் இருந்தால் ஒழுகாமல் என்ன செய்யும்?

ஒழுகலுக்கு வால்வையும் சிலிண்டரையும் புதுப்பிப்பதே போதும் என்ற நிலையும் உண்டு. கார் தானாக ஒரு பக்கம் இழுத்தால், வால்வு சமநிலையில் இல்லையா என்று பார்த்துவிடுங்கள். முன் டயர்களைத் தூக்கி, சிலிண்டர் தண்டைச் சேஸிஸ் பிராக்கெட்டிலிருந்து விடுவித்து, எஞ்சினை ஓடவிட வேண்டும். தண்டு தானாக நீண்டாலோ உள்ளே போனாலோ வால்வின் முனையிலுள்ள சரிசெய்யும் நட்டை, தண்டு அசையாமல் நிற்கும்வரை சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். வால்வைப் புதுப்பித்துவிட்டு இதைச் செய்யாமல் ஓட்டினால், தொடாமலே ஸ்டீயரிங் ஒரு பக்கம் சுற்றிக்கொள்ளும்.

மாற்றுவது என்று முடிவானால் கழற்ற வேண்டியவை பம்ப், அதன் பிராக்கெட், புல்லி, பெல்ட், நான்கு ஹோஸ்கள், கன்ட்ரோல் வால்வு, சிலிண்டர், சேஸிஸ் பிராக்கெட். புதிதாக வேண்டியவை இரண்டே: மேனுவல் காரின் ரிலே ராடும், பாக்ஸின் தண்டில் அமர்ந்து அந்த ராடை அசைக்கும் மேனுவல் காரின் பிட்மேன் ஆர்மும். பவர் காரின் ரிலே ராடு வால்வு திருகி ஏறுவதற்காகச் செய்யப்பட்டது. அதை வெட்டி, பற்றவைத்து மேனுவலாக்குகிறேன் என்று யாராவது சொன்னால் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பிட்மேன் ஆர்மைக் கழற்றும் முன் தண்டிலும் ஆர்மிலும் குறி போட்டு, புல்லர் வைத்தே இழுக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் அந்த அடி பாக்ஸுக்குள்ளிருக்கும் பேரிங்குக்கும் குண்டுகளுக்கும் போய்ச் சேரும். ஆர்ம் கழன்றிருக்கும் நேரமே பாக்ஸை அட்ஜஸ்ட் செய்யச் சரியான நேரம். முதலில் பற்கள் ஒன்றோடொன்று அழுந்தும் அளவைச் சரிசெய்யும் செக்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஸ்டீயரிங் தண்டோடு சுழலும் திருகைத் தாங்கும் வார்ம் பேரிங்கின் இறுக்கத்தைச் சரிசெய்து, அதன் பிறகே ஸ்டீயரிங்கை நடுவில் வைத்துச் செக்டர் ஸ்க்ரூவுக்கு வர வேண்டும். வரிசை மாறினால் அளவு பொய்யாகும். வெளியே தெரியும் ஆட்டத்தைப் போக்க அந்த ஸ்க்ரூவை மட்டும் இறுக்குவது நாம் அதிகம் காணும் குற்றம். நடுவில் பற்கள் கடித்துத் தேயும், வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் திரும்பி வராது.

இணைப்புகளிலுள்ள பால் ஸ்டட்டின் (உருண்டைத் தலைப் போல்ட்டின்) கூம்புப் பகுதியில் கிரீஸ் தடவாதீர்கள், துடைத்துக் காயவைத்தே பூட்டுங்கள். மேல் விளிம்பில் வெட்டுகள் உள்ள காசில் நட்டைக் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கிய பிறகு, நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் துளை சேரவில்லையென்றால், அடுத்த துளைவரை இன்னும் இறுக்க வேண்டும். துளைக்காகத் தளர்த்தவே கூடாது.

பலர் விட்டுவிடும் ஒரு விஷயம் இனிதான். வீல் ஹப்பைத் தாங்கும் நக்கிளிலிருந்து பின்னோக்கி வரும் ஸ்டீயரிங் ஆர்மில் டை ராடுக்கு இரண்டு துளைகள் இருக்கும். பவர் கார்களில் டை ராடு முன் துளையில் இருக்கும், மொத்த விகிதம் சுமார் 17.6:1. பின் துளைக்கு மாற்றினால் ஆர்ம் நீளமாகி விகிதம் சுமார் 20.2:1 ஆகும். ஏறக்குறைய 15 சதவீதம் கூடுதலாகச் சுற்ற வேண்டும், அதற்கேற்பக் கனம் குறையும். இரண்டு பக்கமும் ஒரே துளையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகப் பூட்டிய கார், திரும்பும்போது டயரைத் தரையில் தேய்த்துக்கொண்டே போகும்.

ரேக் உள்ள கார்கள்

முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்றவற்றில் பாக்ஸுக்குப் பதில் ரேக் இருக்கும், அதாவது பினியன் எனும் சிறு பற்சக்கரம் தள்ளும் பல் வெட்டிய கம்பி. சிலிண்டரும் வால்வும் அந்த ரேக்குக்குள்ளேயே இருப்பதால் கதை வேறு. இதில் பவர் ரேக் 15:1, மேனுவல் ரேக் 18:1. நல்ல நிலையிலுள்ள மேனுவல் ரேக் கிடைத்தால் யோசிக்காமல் அதைப் போடுங்கள்.

கிடைக்காதபோது செய்யும் குறுக்குவழி, பம்பை எடுத்த பிறகு ரேக்கின் இரண்டு துளைகளையும் ஒரு ஹோஸால் இணைத்துவிடுவது. ஓடும், ஆனால் பிஸ்டன் சீலின் உராய்வும் எண்ணெயைத் தள்ளும் கனமும் அப்படியே இருக்கும். இன்னும் மோசம், உள்ளே எண்ணெய் இருக்கும்போதே துளைகளை மூடி போட்டு அடைப்பது. எண்ணெய் போக இடமில்லாமல் வளைவின் நடுவில் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளக்கூடும். திறந்தே விட்டால் தண்ணீரும் மண்ணும் புகுந்து ரேக் துருப்பிடிக்கும்.

முறையான வழி, ரேக்கை இறக்கிப் பிரிப்பதுதான். பினியன் அமர்ந்திருந்த கோணத்துக்குக் குறி போட்டு, பிஸ்டனின் வளையத்தையும் உட்புறச் சீலையும் எடுத்துவிட்டு, எண்ணெய் முழுவதையும் கழுவ வேண்டும். இதுவரை எண்ணெய் செய்த மசகு வேலையை இனி கிரீஸ்தான் செய்யும். அதனால் பற்கள், ரேக்கின் முதுகு, புஷ் ஆகியவற்றுக்கு அதிக அழுத்தம் தாங்கும் லித்தியம் கிரீஸ் தாராளமாக வேண்டும். காலியான துளைகளை இப்போது அடைக்கலாம். ரேக்கின் முனைகளை மூடும் ரப்பர் உறைகளான இரண்டு பெல்லோஸையும் இணைக்கும் காற்றுக் குழாய் இருந்தால் அது இருக்கட்டும். அது இல்லாவிட்டால் திரும்பும்போது ஒரு பெல்லோஸ் உப்பும், மற்றது சுருங்கிக் கிழியும்.

ரேக்கின் முதுகைத் தாங்கும் யோக் பிளக்கை மிஞ்சி இறுக்கினால் ஸ்டீயரிங் நடுவுக்கு வராது, தளர்ந்திருந்தால் மேடுபள்ளத்தில் தட்டும். உள் டை ராடை இறுக்கும்போது ரேக் கம்பியையே பிடித்துக்கொள்ளுங்கள். பினியன் அந்த விசையைத் தாங்க நேர்ந்தால் பல் போகும்.

இத்தனைக்குப் பிறகும் நடுவில் ஓர் ஆட்டம் மிஞ்சும். மேல் தண்டையும் பினியனையும் இணைப்பது ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி. அது சில டிகிரி முறுகிய பிறகுதான் இரும்பு இரும்போடு மோதி நிற்கும். வால்வுக்கு அந்த முறுக்கு தேவைப்பட்டது, இப்போது தேவையில்லை. தண்டையும் பினியனையும் வெல்ட் செய்து இதைப் போக்குகிறார்கள். செய்வதானால் பேரிங், சீல்களை முதலில் கழற்றிவிட்டு, சூடு ஏறாதபடி இடைவெளி விட்டுச் சிறுசிறு தையலாக, ஸ்டீயரிங் பாகங்களில் அனுபவமுள்ள வெல்டர்தான் செய்ய வேண்டும். வெல்ட் விட்டுப்போனாலும் முறுக்குக் கம்பியும் தடுப்பும் இருப்பதால் ஸ்டீயரிங் கைவிடாது, ஆட்டம்தான் திரும்பும். ஆனால் ஸ்டீயரிங்கில் வெல்டிங் என்பதை வாகன ஆய்வாளரும் காப்பீட்டு நிறுவனமும் எப்படிப் பார்ப்பார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ரேக்கைப் பிரிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பெல்ட், சக்கரம், டயர்

பல எஞ்சின்களில் பவர் பம்பின் தாங்கிதான் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் இடம். ஏசி கம்ப்ரஸரோ வாட்டர் பம்போ அதே பெல்ட்டில் ஓடினால், பம்ப் இருந்த இடத்தில் பெல்ட்டை மட்டும் தாங்கும் ஐட்லர் புல்லியும் அதற்கேற்ற நீளத்தில் பெல்ட்டும் வேண்டும். புல்லியைப் பெல்ட் போதிய அளவு சுற்றாவிட்டால் வழுக்கும், பிறகு எஞ்சின் சூடாகும்.

மேனுவலாக்கிய கையோடு சிறிய ஸ்டீயரிங் சக்கரம் மாட்டும் ஆசை வரும். கணக்கைப் பாருங்கள்: 15 அங்குலச் சக்கரத்தை 13 அங்குலமாக்கினால் கைக்கு வேண்டிய விசை சுமார் 15 சதவீதம் கூடும். கார்வெட்டில் துளை மாற்றிச் சம்பாதித்தது முழுவதும் அதிலேயே போய்விடும். அகலமான முன் டயர்களும், வெளியே தள்ளி நிற்கும் வீல்களும் இதே வேலையைச் செய்யும். காற்றழுத்தத்தை 2 முதல் 4 பி.எஸ்.ஐ. கூட்டிப் பார்க்கலாம், டயரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல்.

கடைசி வேலை அலைன்மெண்ட். டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் முன் டயர்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, எப்படியும் மாறியிருக்கும். காஸ்டரைப் பவர் காரின் அளவில் விடாமல், அந்த மாடலின் மேனுவல் காருக்குரிய அளவுக்குக் குறைக்கச் சொல்லுங்கள். கார்வெட்டில் அது 2 டிகிரிக்குச் சற்று மேலிருந்து 1 டிகிரிக்கு அருகில் வருவதாகும். ஸ்டீயரிங் நடுவுக்குத் திரும்பும் வேகம் கொஞ்சம் குறையும், அது பழுதல்ல. அலைன்மெண்டுக்குப் போகும் முன்பே முன்பக்கத்தைத் தூக்கி, இரு முனைவரை சுற்றிப் பார்த்து, எந்த ஹோஸும் கம்பியும் டயரில் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா நட்டுகளையும் ஸ்பிளிட் பின்களையும் ஒருமுறை பாருங்கள். கழற்றிய வால்வு, சிலிண்டர், பிராக்கெட்டுகளில் எண்ணெயை வடித்து, துளைகளை மூடி, பெயர்ச் சீட்டு ஒட்டி எடுத்து வையுங்கள். காரை விற்கும்போது வாங்குபவர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்றாக இருக்கும்.