லேண்ட்லைனுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது?

சென்னையில் ஃபைபர் இணைப்பு வாங்கிய வீடுகளில் ஏதோ ஒரு நாள் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. "அந்தப் பழைய போனை சரண்டர் பண்ணிடலாமாப்பா? யார் பேசறா அதுல?" என்று மகள் ஆரம்பிப்பாள். அப்பா விடமாட்டார். முப்பது வருட நம்பர், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். வாதம் முற்றினால் துருப்புச்சீட்டு இறங்கும்: "2015 வெள்ளத்துல உங்க செல்போன் எல்லாம் செத்துப்போச்சேம்மா. இதுதானே பேசிச்சு?"

அப்பா சொல்வது சரிதான். ஆனால் அன்று பேசிய போனும், இன்று ஃபைபர் டப்பாவின் பின்னால் செருகியிருக்கும் போனும் ஒன்றல்ல. கருவி அதேதான், சில வீடுகளில் நம்பர்கூட அதேதான். கரண்ட் வரும் வழி மட்டும் மாறிவிட்டது. வைத்துக்கொள்வதா, விடுவதா என்ற கேள்விக்கு முக்கால்வாசி பதில் அதில்தான் இருக்கிறது.

வீட்டில் செம்புக் கம்பி லைன் இன்னும் உயிரோடு இருந்தால் ஒரு சின்ன சோதனை செய்யலாம். போன் கம்பி வந்து சேரும், சுவரில் இருக்கும் ரோசெட் டப்பாவின் மூடியைக் கழற்றி, மல்டிமீட்டரை டி.சி. அளவில் வைத்து இரண்டு திருகுகளிலும் தொட்டுப் பாருங்கள். ரிசீவர் கீழே இருக்கும்போது ஏறக்குறைய 50 வோல்ட் காட்டும். ரிசீவரை எடுத்ததும் முள் சரேலென்று 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். ரிசீவர் கீழே இருக்கும் நேரத்தில் வெளியிலிருந்து கால் வந்தால் மட்டும் திருகில் விரல் வைக்காதீர்கள். மணியடிக்க எக்ஸ்சேஞ்ச் அனுப்புவது சுமார் 75 வோல்ட் ஏ.சி., நொடிக்கு 25 தடவை திசை மாறும் மின்சாரம். கம்பத்தில் ஏறி லைனைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று எந்த லைன்மேனைக் கேட்டாலும் சொல்வார்.

இந்த 50 வோல்ட் உங்கள் வீட்டு மீட்டரில் ஓடுவதில்லை. மாம்பலம், அடையாறு, கெல்லிஸ் என்று அந்தந்த வட்டாரத்து எக்ஸ்சேஞ்சில் பெரிய பெரிய லெட்-ஆசிட் பேட்டரிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு செல்லும் 2 வோல்ட். 24 செல்களைத் தொடராக இணைத்தால் 48 வோல்ட். எப்போதும் சார்ஜரோடு சேர்ந்தே இருப்பதால் மீட்டரில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. கரண்ட் போனால் பேட்டரி தாங்கும், அப்புறம் டீசல் ஜெனரேட்டர் ஓடும்.

ரிசீவரைத் தூக்கினால் உள்ளே ஒரு சுவிட்ச் மூடுகிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பிய ஒரு கம்பி, உங்கள் போன், திரும்பிப் போகும் இன்னொரு கம்பி என்று சுற்று முழுமையாகி 20 முதல் 40 மில்லிஆம்பியர் ஓட ஆரம்பிக்கிறது. அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் நீங்கள் போனை எடுத்தீர்கள் என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிகிறது. உடனே டயல் டோன். வோல்டேஜ் இறங்கியதற்கும் இதுதான் காரணம். மின்னழுத்தத்தின் பெரும்பகுதி எக்ஸ்சேஞ்சில் உள்ள மின்தடையிலும் வழியில் உள்ள செம்பிலும் செலவாகிவிட, உங்களிடம் மிச்சம் சில வோல்ட்தான். ஆனால் பேசுவதற்கு அது போதும். கணக்குப் போட்டால் ஒரு உரையாடலுக்கு மொத்தமாக ஒன்றிரண்டு வாட் அளவுக்குத்தான் தேவை. சும்மா இருக்கும் போனுக்கு ஏறக்குறைய ஒன்றும் வேண்டாம். ஆயிரக்கணக்கான வீடுகளை ஒரு பேட்டரி அறை தாங்க முடிந்தது இதனால்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. அந்த 48 வோல்ட் உண்மையில் மைனஸ் 48. பேட்டரியின் பாசிடிவ் முனையை பூமியோடு இணைத்திருப்பார்கள். மண்ணுக்குள் இருக்கும் கேபிளில் ஈரம் புகுந்து மின்சாரம் கசிந்தால், பாசிடிவ் பக்கம் இருக்கும் உலோகம்தான் அரித்துக் கரையும். கம்பியை நெகடிவ் ஆக வைத்துவிட்டால் செம்பு பிழைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ரோடெல்லாம் குளமாகும் நம் ஊருக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை.

சுருக்கமாகச் சொன்னால், செம்பு லைன் தெருக்கோடி மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர். உங்கள் வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் குழாயில் விழும். மற்றதெல்லாம் மோட்டார் போட்டால்தான் ஏறும் சம்ப் தண்ணீர்.

இப்போது 2015 டிசம்பருக்கு வருவோம். 1, 2 தேதிகளில் அடையாறு கரை தாண்டியபோது பாதுகாப்புக்காக ஏரியா ஏரியாவாக மின்சாரத்தை நிறுத்தினார்கள். செல்போன் டவருக்கு வேண்டியது சில வாட் அல்ல, கிலோவாட் கணக்கு. வேடிக்கை என்னவென்றால் டவர் கருவிகளும் அதே மைனஸ் 48 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. ஆனால் தீனி அதிகம் என்பதால் அடியில் இருக்கும் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் டீசல் வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் டீசல் கேனை யார் கொண்டுபோவது? ஜெனரேட்டரே முழுகியிருந்தால் டீசல் வந்தும் பயனில்லை. மொட்டை மாடிகளில் நிற்கும் டவர்களுக்கும் ஜெனரேட்டர் கீழே கார் நிறுத்தும் இடத்தில் இருந்தால் அதே கதிதான். எல்லா லேண்ட்லைனும் பிழைத்தது என்று சொல்ல வரவில்லை. தண்ணீர் கேபிள் இணைப்புகளுக்குள் போன இடங்களில் அவையும் செத்தன. ஆனால் எக்ஸ்சேஞ்ச் உலர்ந்து இருந்து, கேபிளும் நன்றாக இருந்த தெருக்களில், இருட்டு வீட்டில் போன் மணி அடித்தது.

செல்போனுக்கு இன்னொரு தொல்லை நெரிசல். செம்பு லைனில் உங்கள் வீட்டிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரை அந்த ஜோடிக் கம்பி உங்களுக்கு மட்டும் சொந்தம். செல்போனிலோ காற்றிலிருந்தே பங்கு போட ஆரம்பித்துவிடுகிறோம். ஒரு டவரின் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு அலைவரிசை என்று ஒரு அளவு இருக்கிறது. பக்கத்து இரண்டு டவர் செத்தால் அங்கே இருந்த போன்கள் எல்லாம் மிச்சம் இருக்கும் டவரை மொய்க்கும். அதோடு எல்லோரும் ஒரே நேரத்தில் "எங்கே இருக்கே, பத்திரமா இருக்கியா" என்று கூப்பிடுவார்கள். இந்த மாதிரி சமயத்தில் கால் போகாவிட்டாலும் எஸ்.எம்.எஸ். போய்ச் சேர வாய்ப்பு அதிகம். அதற்குத் தேவை மிகச் சிறிய இடம். உடனே போகாவிட்டாலும் நெட்வொர்க்கில் காத்திருந்து அப்புறம் போகும்.

தூரத்து டவரைத் தேடும் போன் தன் ரேடியோவை முழு வேகத்தில் ஓட்டுவதால் சார்ஜும் வேகமாகக் கரையும். சிக்னலே இல்லாத நேரத்தில் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, மணிக்கொரு தரம் திறந்து பார்ப்பது புத்திசாலித்தனம். மிக்ஜாம் புயலில், 2023 டிசம்பரில், வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் கரண்டும் சிக்னலும் இல்லாமல் நாள் கணக்கில் தவித்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

"இரண்டு சிம் இருக்கே, ஒண்ணு போனா இன்னொண்ணு" என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். பாதி தைரியம் சரி. டவர் என்பது பெரும்பாலும் செல்போன் கம்பெனியின் சொத்து அல்ல. இண்டஸ் டவர்ஸ் மாதிரி தனி நிறுவனங்கள் கட்டி, ஒரே டவரில் இரண்டு மூன்று கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடுகின்றன. பேட்டரியும் ஜெனரேட்டரும் பொது. உங்கள் இரண்டு சிம்மும் ஒரே டவரில் குடியிருந்தால், டீசல் தீரும்போது இரண்டும் சேர்ந்தே போகும்.

சரி, ஃபைபர் போன்? இங்கேதான் அப்பாவின் வாதம் சறுக்குகிறது. கண்ணாடி இழைக்குள் வருவது ஒளி. ஒளியால் மணியடிக்க முடியாது. வீட்டில் இருக்கும் ஓ.என்.டி. என்ற டப்பாதான் ஒளியை மின்சாரமாக மாற்றி, உங்கள் குரலைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக்கி, இணையம் போகும் அதே இழையில் அனுப்புகிறது. டயல் டோனும் மணியடிக்கும் மின்சாரமும்கூட அந்த டப்பாவே தயாரிப்பதுதான், எக்ஸ்சேஞ்ச் மாதிரி ஒரு சின்ன வேஷம். டப்பாவுக்குச் சோறு போடுவது உங்கள் வீட்டு பிளக். கரண்ட் போனால் ரிசீவரில் மயான அமைதி.

டப்பா தின்பது சுமார் 10 வாட். ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யூ.பி.எஸ். சில மணி நேரம் தாங்கும். வீட்டில் 150 ஏ.ஹெச். பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருந்து, ஃபேன், லைட் எல்லாம் அணைத்து இதை மட்டும் ஓட்டினால் ஒன்றரை நாள்கூட வரும். வழியில் தெருவில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். ஒரு இழையின் ஒளியை 32 அல்லது 64 வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் வெறும் கண்ணாடி அது. இது ஃபைபரின் பெரிய பலம். ஆனால் மறுமுனையில் ஒளியை அனுப்பும் கருவி ஒன்று இருக்கிறதே, அது பெரிய எக்ஸ்சேஞ்சில் இருக்கிறதா, இல்லை உள்ளூர் ஆபரேட்டரின் மாடி அறையில் ஒரு யூ.பி.எஸ். தயவில் இருக்கிறதா என்பதில் எல்லாம் இருக்கிறது. ஓ.என்.டி.யில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால் உங்களுக்கு ஒளி வரவில்லை என்று அர்த்தம். இழை அறுந்ததா, மறுமுனையில் கரண்ட் போனதா என்று அந்தச் சிவப்பு விளக்கு சொல்லாது.

இழை அறுவதும் நம் ஊரில் சாதாரணம். மரத்துக்கு மரம், கம்பத்துக்குக் கம்பம் தொங்குகிறது அது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தபோது மரத்தோடு கேபிளும் வந்தது. ஃபைபரைப் பூமிக்கடியில் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். செம்பு லைனிலும், தெருவில் லைன்களைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பாக்ஸிலிருந்து வீட்டுக்கு வரும் கடைசித் துண்டு மேலே தொங்குவதுதான் என்பதையும் மறக்கக்கூடாது.

இந்தியாவில் லேண்ட்லைன்கள் 2006 வாக்கில் சுமார் 5 கோடி இருந்தன. 2020இல் 2 கோடி. அப்புறம் ஏறி 3 கோடியைத் தாண்டியது. லேண்ட்லைன் திரும்ப வருகிறது என்று இதைப் பார்த்துச் சந்தோஷப்படுபவர்கள் உண்டு. ஏறியது பிராட்பேண்டோடு வரும் ஃபைபர் போன்தான். 1882இல் மெட்ராஸில் முதல் எக்ஸ்சேஞ்ச் திறந்த நாளிலிருந்து வந்த செம்பு லைன் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. லைனைப் பார்த்துக்கொள்ள ஆளும் குறைந்துவிட்டது. 2020 ஜனவரியில் மட்டும் பி.எஸ்.என்.எல்.லில் சுமார் 78,000 பேர் விருப்ப ஓய்வில் போனார்கள். மழை பெய்தால் கரகரப்பு, ரோடு தோண்டினால் டெட், புகார் கொடுத்தால் காத்திருப்பு என்று ஆகிவிட்ட செம்பு லைனை வெள்ளத்துக்காக வைத்திருப்பது வீண். மழைக்கு முன்பே செத்திருக்கும். பிரிட்டன் 2027 ஜனவரியோடு செம்பு டெலிபோனை மூடப் போகிறது. லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு, கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர எண்ணைக் கூப்பிட வசதி செய்து தர வேண்டும் என்று அங்கே தொலைபேசிக் கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே அந்த வேலை உங்கள் வீட்டு இன்வெர்ட்டருடையது.

மின்சாரத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் நிலையான போனுக்கு மதிப்பு இருக்கிறது. "ஏம்மா எடுக்கல?" "சார்ஜ் போயிடுத்துடா, எங்க வெச்சேன்னும் தெரியல." இந்த உரையாடல் நடக்காத வீடு மயிலாப்பூரில் இருக்காது. பச்சை வட்டத்தை எந்தப் பக்கம் தள்ளுவது என்று தடுமாறும் விரலுக்கு, தூக்கினால் பேசும் ரிசீவர் எவ்வளவோ மேல். 108-ஐக் கூப்பிடும்போது செல்போன் காட்டுவது டவரைச் சுற்றிய சில நூறு மீட்டர். ஜி.பி.எஸ். கிடைத்தால் கிட்டத்தில் வரும், ஆனால் மூன்றாவது மாடியா தரைத்தளமா என்று சொல்லாது. பழைய எண் 14, புதிய எண் 31, முதல் குறுக்குத் தெரு என்று விலாசம் சொல்லியே களைத்துப்போகும் ஊர் நம்முடையது. எந்தப் போனில் பேசினாலும் விலாசத்தை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

என் கணக்கு இதுதான். கரகரப்பில்லாத செம்பு லைன் இருந்து, பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் மாத வாடகை கொடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் கார்ட்லெஸ் போனை மாட்டிவிட்டு அதை வெள்ளக் காப்பீடு என்று நினைக்காதீர்கள். அதன் அடிப்பாகத்துக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். கம்பி வைத்த சாதாரண போன் ஒன்று அலமாரியில் இருக்கட்டும். அடிக்கடி டெட் ஆகும் லைனாக இருந்தால் தயங்காமல் சரண்டர் செய்யலாம். ஃபைபரோடு சும்மா வரும் போன் இருந்துவிட்டுப் போகட்டும், ஓ.என்.டி.யை இன்வெர்ட்டர் லைனில் மாற்றிவிடுங்கள். எலக்ட்ரீஷியனுக்கு அரைமணி நேர வேலை. இளைஞர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இரண்டு கம்பெனி சிம்மும் ஒரு பவர் பேங்கும் போதும், லேண்ட்லைன் தேவையில்லை.

வைத்துக்கொள்கிறவர்களுக்கு இன்னும் ஒன்று. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனைக் கூப்பிட முன்னால் பூஜ்யம் போட வேண்டும். நம்பர்கள் எல்லாம் செத்துப்போன செல்போனுக்குள் இருக்கும் அன்று ரிசீவரைத் தூக்கி யாரைக் கூப்பிடுவீர்கள்? பிள்ளைகள், டாக்டர், அசோசியேஷன் செகரட்டரி நம்பர்களைப் பூஜ்யத்தோடு ஒரு அட்டையில் எழுதி போனுக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.