துந்தோங்: ‘ஆற்றாமை’ என்று எழுதலாமா?

துந்தோங் என்பது மலாய்ச் சொல். மலேசியாவின் பேராக் ஆறு போன்ற பெரிய ஆறுகளின் கழிமுகத்தில் வாழும் ஓர் ஆமைக்குப் பெயர். வளர்ந்ததன் ஓடு அரை மீட்டருக்கு மேல் நீளும். பெனாங்கில் கிடைத்ததை வைத்து 1847இல் கேண்டர் என்பவர் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இன்று அற்றுப்போகும் விளிம்பில் இருக்கும் உயிர்களின் பட்டியலில் இருக்கிறது. தமிழில் அதற்கு என்ன பெயர் என்ற கேள்வி எனக்கு வந்தது ஒரு அறிவிப்புப் பலகையால்.

பேராக் ஆற்றங்கரை ஊரான தெலுக் இந்தானில் ஆற்றோரம் கரை கட்டும் வேலை ஒன்றில் என் பழைய மாணவன் மேற்பார்வையாளன். அந்தப் பக்கம் முன்பு தோட்டமாக இருந்தது, இப்போது தாமான் என்னும் குடியிருப்பு வீடுகள் எழும்புகின்றன. மலாயில் நான்கு வரி எழுதிய தாளோடு ஒரு நாள் வந்தான். “சார், இதத் தமிழ்ல போட்டுக் குடுங்க. நம்ம ஆளுங்களும் படிக்கணும்.” சரி, நான்கு வரிதானே என்று ‘ஆற்றாமைகளைக் காப்போம்’ என்று தலைப்பு எழுதினேன். படித்துவிட்டுச் சிரித்தான்.

“நம்ம ஆற்றாமைய எதுக்கு சார் காப்பாத்தணும்? அது தானா நல்லாத்தானே இருக்கு.”

முப்பது வருடம் இலக்கணம் நடத்தியவனுக்கு இது தேவைதான். ஆறு என்ற சொல் வேறொரு சொல்லோடு சேரும்போது ‘ஆற்று’ ஆகும். அடுத்து ‘ஆமை’ வந்தால் உகரம் கெட்டு ‘ஆற்றாமை’. விதிப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் ‘பொறுத்துக்கொள்’ என்ற பொருளில் ஆற்று என்ற வினையும் இருக்கிறதே. அதோடு எதிர்மறை ‘ஆ’வும் ‘மை’ விகுதியும் சேர்ந்தாலும் ஆற்றாமைதான். பொறாமை, கல்லாமை, முயலாமை எல்லாம் இந்தக் குடும்பம், எதற்கும் ஓடு கிடையாது. திருக்குறளின் 116ஆம் அதிகாரத்தின் பெயர் பிரிவாற்றாமை. அதில் ஆமையைத் தேடினால் கிடைக்காது. ஆமை வேண்டுமென்றால் 126ஆம் குறளுக்குப் போக வேண்டும், ஐம்புலன்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறது.

ஆமையின் பழைய வடிவம் யாமை. யாறு ஆறானது, யாடு ஆடானது போல யாமையும் முன்னால் இருந்த ஒலியை விட்டு ஆமையானது. மலையாளத்தில் அது ஆம, கன்னடத்தில் ஆமெ. சங்கப் புலவர்கள் இந்த உயிரைச் சும்மா பார்க்கவில்லை. பறவைக் குஞ்சைப் போலவே இதன் குஞ்சையும் ‘பார்ப்பு’ என்றார்கள். அகநானூறு 160இல் ‘நிறைச்சூல் யாமை’ அடும்பங்கொடி சிதைய வெண்மணல் மேட்டில் முட்டையை மறைத்துப் புதைக்கிறது. பார்ப்பு வெளிவரும் வரை ஆண் ஆமை காவல் இருக்கிறதாம். காவல் கதை கவிஞரின் அன்பு, உண்மையில் தாய்கூடத் திரும்பி வருவதில்லை. மணலில் புதைப்பது மட்டும் நூற்றுக்கு நூறு சரி.

அவ்வளவு பார்த்தவர்கள் துந்தோங்குக்குப் பெயர் வைக்காதது ஏன்? அவர்கள் ஊர் ஆறுகளில் அது இல்லை, அவ்வளவுதான். கடலில் இருந்தவற்றுக்குத் தமிழ் மீனவர்கள் பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை என்று பிரித்துப் பிரித்துப் பெயர் சொல்கிறார்கள். நாமோ கப்பலேறி இங்கே வந்து, வடிகாலில் கிடந்தாலும் காட்டில் கிடந்தாலும் எல்லாவற்றையும் ஆமை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம்.

மலாய்க்காரர்கள் அப்படி அடக்கவில்லை. கடலில் இருப்பது பெஞ்ஞு. ஓடு மெத்தென்று, மூக்கு குழாய் போல் இருப்பது லாபி-லாபி. காட்டுத் தரையில் நடக்கும் பெரியது பானிங். மற்றவை பொதுவாகக் குரா-குரா. இது வெறும் சொல் ஆசை இல்லை. லயத்து வீட்டு அடுப்படியில் ஆமை வந்துவிட்டால் ‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்று என் பாட்டி அதை வாளியில் போட்டு ஆற்றில் விடச் சொல்வார். புண்ணியம் என்றுதான் நினைத்தோம். தரையாமையை ஆழத்தண்ணீரில் போட்டால் மூழ்கித்தான் சாகும். காலைப் பார்த்தால் தெரிந்துவிடும்: யானைக்கால் போலத் தூணாக இருந்தால் தரை, விரல்களுக்கிடையே சவ்வு இருந்தால் தண்ணீர். இரண்டு சொல் இருந்திருந்தால் பாட்டியே கேட்டிருப்பார், எந்த ஆமை என்று.

துந்தோங் என்ற பெயர் ஓசையிலிருந்து வந்தது என்பார்கள். பெண் ஆமை மணலில் குழி தோண்டி, இருபது முப்பது முட்டை இட்டு மூடியபின், உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு மணலை இறுக்கும். அந்த ‘தொங், தொங்’ சத்தம்தான் பெயர். நம் இலக்கணத்தில் இதற்கு ஒலிக்குறிப்பு என்று பெயர். காக்கைக்கு நாம் செய்ததையே அவர்கள் ஆமைக்குச் செய்திருக்கிறார்கள்.

பெயரிலேயே முட்டையிடும் இடம் இருப்பதுதான் எனக்குப் பிடித்தது. இந்த ஆமை கழிமுகத்துச் சதுப்பில் பெரெம்பாங் என்ற சதுப்புநில மரத்தின் பழம் தின்று வாழ்கிறது. முட்டையிட மட்டும், நீர் வற்றும் காலத்தில், மேலே உள்ள மணல்திட்டுகளைத் தேடி ஆற்றை எதிர்த்துப் போகிறது. பேராக் ஆற்றங்கரையில் உள்ள போத்தா கானானில் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் இதற்கென்றே ஒரு காப்பகம் நடத்துகிறது. திட்டிலிருந்து மணலை அள்ளிவிட்டால் சதுப்பு எவ்வளவு பசுமையாக இருந்தும் பயனில்லை. அணைக்கட்டிலிருந்து திடீரென்று நீர் திறந்தால் முட்டை முழுகும். திட்டின் மேல் லாரி ஏறினால் இறுகிய மணலைப் பார்ப்பு கிழித்து வர முடியாது. முட்டையைக் கண்டு எடுத்து வைப்போமே என்று புரட்டினாலும் கெடுதல்தான்: இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேற்புறம் ஒட்டிக்கொள்ளும், தலைகீழானால் செத்துவிடும். ஆற்றோரத்தில் நீர்ப்பாசன, வடிகால் துறை கேட்கும் ஒதுக்கு நிலம், நாற்பது மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு இரு கரையிலும் ஐம்பது மீட்டர். காகிதத்தில் அது வெள்ளத்துக்கான இடம். துந்தோங்குக்கு அதுதான் பேறுகால வீடு.

சரி, தமிழில் என்ன எழுதுவது? ‘ஆற்று ஆமை’ என்று இடம் விட்டு எழுதலாம், ஆனால் அச்சுக்கோப்பவர் யாராவது சேர்த்துவிடுவார். ‘நன்னீராமை’ பொதுப்பெயர், குரா-குராவையும் பிடித்துக்கொள்ளும். தனித்தமிழ் அன்பர்கள் கோபித்துக்கொள்ளலாம், நான் ‘துந்தோங் ஆமை’ என்றே முடிவு செய்தேன். உயிர் இந்த மண்ணுடையது, பெயரும் இந்த மண்ணுடையதாக இருந்துவிட்டுப் போகட்டும். ரம்புத்தானையும் டுரியானையும் நாம் மொழிபெயர்த்தா தின்கிறோம்?

பலகைக்குக் கடைசியில் எழுதிக் கொடுத்தது இது: ‘இங்கே துந்தோங் ஆமை முட்டையிடும். மணல்திட்டில் வண்டி ஏற்றாதீர், மண் கொட்டாதீர். தோண்டிய குழியில் ஆமை ஏறிவரப் பலகை ஒன்று சாய்த்து வையுங்கள். முட்டையைக் கண்டால் தொடாமல் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்.’

போன வாரம் போய்ப் பார்த்தேன். எழுதியவர் ஐகாரக் கொம்பை விட்டுவிட்டார். ‘துந்தோங் ஆம’ என்று இருக்கிறது. மலையாளம் ஆகிவிட்டது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.