வளவு வாங்க முதல் கிணற்றை எட்டிப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டிக் கொடுப்பது என் தொழில். போன வருடம் ரொறன்ரோவிலிருந்து ஒரு அண்ணை தொலைபேசியில் பேசினார். நகரத்தை ஒட்டி ஒரு வளவு வாங்கியிருந்தார். அதில் பழைய கிணறு ஒன்று குப்பை நிறைந்து கிடந்தது.

"தம்பி, அந்தக் கிணத்தை மூடிப்போட்டு நூற்றைம்பது அடிக்கு ஒரு குழாய்க் கிணறு அடியுங்கோ. ஆழமாப் போனால் நல்ல தண்ணிதானே."

"அண்ணை, இங்கே ஆழமாகப் போனால் கடல்தான் வரும்."

சிரித்தார். பகிடி என்று நினைத்துவிட்டார். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. இங்கேயே பிறந்து வளர்ந்த பலருக்கும் தங்கள் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிவதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வழுக்கையாறு என்று பெயருக்கு ஒன்று உண்டு. அதுவும் மாரியில் ஓடி, கோடையில் காணாமல் போய்விடும். மண்ணுக்கு அடியில் இருப்பது மயோசீன் என்னும், பல இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய காலத்துச் சுண்ணாம்புக்கல். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை அரைத்ததும் இந்தக் கல்லைத்தான். கல் என்றாலும் திண்ணென்று இருக்காது. மழைநீர் காலங்காலமாகக் கரைத்துக் கரைத்து, உள்ளே வெடிப்பும் பொந்துமாக ஆக்கி வைத்திருக்கிறது. ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்யும் மழை அந்தப் பொந்துகளில் இறங்கித் தேங்குகிறது. அதே பொந்துகள் வழியாகக் கடல்நீரும் உள்ளே வந்திருக்கிறது. உப்புநீர் கனம் கூடியது, நன்னீர் கனம் குறைந்தது. அதனால் நம்முடைய குடிநீர், கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய வில்லைபோல மிதக்கிறது.

இதில் ஒரு கணக்கு உண்டு. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட 1 அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் பம்பைப் போட்டு அந்த 1 அடியை இறைத்துத் தீர்த்தால், கீழே இருக்கும் உப்புநீர் 40 அடி மேலே ஏறப் பார்க்கும். நடைமுறையில் இரண்டும் கலந்த உவர் படலம் ஒன்று இடையில் இருப்பதால், தண்ணீர் கணக்கு சொல்வதற்கு முன்பே கெட்டுவிடும். ஒரு தடவை கெட்ட கிணறு ஒரு மாரியில் திருந்தும் என்று எதிர்பார்க்கவும் கூடாது.

புத்தூர்ப் பக்கம் போனால் நிலாவரைக் கிணற்றைப் பாருங்கள். இராமர் அம்பு விட்டு உண்டாக்கினார் என்பார்கள். வற்றாத அதிசயம் என்று எல்லோரும் படம் எடுத்துப் போகிறார்கள். சுண்ணாம்புக்கல் கரைந்து கூரை இடிந்த குழி அது. மேலே நல்ல தண்ணீர், கீழே போகப் போக உப்பு. நான் மேலே சொன்ன கணக்கைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் இடம். கீரிமலைக் கேணியில் நாம் குளிப்பதும், இதே கல்லுக்குள் ஓடிவந்து கடலோரத்தில் வெளியேறும் நன்னீரில்தான்.

ஊரின் வரலாற்றையும் நான் தண்ணீரை வைத்துத்தான் பார்ப்பேன், தொழில் புத்தி. தமிழ் அரசர்கள் நல்லூரில் இருந்தார்கள். கடலைவிட்டுச் சற்று உள்ளே, 'ப' வடிவில் யமுனா ஏரியை வெட்டி வைத்துக்கொண்டு. 1619இல் போர்த்துக்கேயர் அரசைப் பிடித்தபின் அதிகாரத்தைக் கரைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது கப்பல், குடிநீர் இரண்டாம்பட்சம். 1658இல் ஒல்லாந்தர் வந்தபோது, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் கோட்டையிலிருந்த போர்த்துக்கேயர் கடைசியில் சரணடைந்தது தண்ணீர்த் தொட்டி சேதமாகிக் குடிக்க வழியில்லாமல் போனதால்தான். அதே ஒல்லாந்தர் யாழ் நகரின் பண்ணைக் கரையில் போர்த்துக்கேயர் விட்டுப்போன பழைய கோட்டையை ஐங்கோணமாகத் திருத்திக் கட்டினார்கள். 1795இல் அது பிரித்தானியர் கைக்குப் போனது. 1833இல் இலங்கையை ஐந்து மாகாணங்களாகப் பிரித்தபோது யாழ்ப்பாணம் வட மாகாணத் தலைநகரானது. 1988இல் வடக்கும் கிழக்கும் இணைந்தபோது தலைநகர்ப் பெருமை திருகோணமலைக்குப் போய், 2007இல் பிரிந்தபின் திரும்பி வந்தது. வந்தும் மாகாண சபைக் கட்டடம் நிற்பது நகரத்துக்குள் இல்லை, கைதடியில்.

நகரம் பார்த்துக்கொண்டிருப்பது பெருங்கடலை அல்ல, ஆழமில்லாத பரவைக் கடலை. அந்தப் பக்கம் போகப் போகக் கிணறுகள் சவர்க்கும். மாநகர சபை குழாயில் விட்ட தண்ணீரைக் கோண்டாவில் பக்கத்துக் கிணறுகளிலிருந்து எடுத்துவந்தது இதனால்தான்.

சரி, உப்பை நாக்கு கண்டுபிடித்துவிடும். என் கவலை நாக்குக்குத் தெரியாததைப் பற்றியது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, கல்லடைப்பு வருமா என்று கிழமைக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். அது வெறும் சுண்ணாம்பு. பருப்பு அவியச் சுணங்கும், சவர்க்காரம் நுரைக்காது, அவ்வளவுதான். நைத்திரேற்று பற்றி யாரும் கேட்பதில்லை. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்றுவதால் இன்னும் செறியும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களை அண்டிய பல கிணறுகள் அதைத் தாண்டியவை. கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை அது குறைத்துவிடும், பிள்ளை நீலம் பாரிக்கும்.

இந்த நைத்திரேற்று கிணற்றுக்கு வருவதற்கு, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட யூரியா ஒரு பக்கம். மலசலகூடக் குழி இன்னொரு பக்கம். மேசன்மார் இன்றும் நான்கு சுவர் கட்டி, அடியைக் கொங்கிறீற் போடாமல் விட்டுவிடுகிறார்கள். "அடி போட்டால் கெதியா நிரம்பிடும் சேர்" என்பார்கள். நிரம்பவில்லை என்றால் எங்கே போகிறது? ஒரு வளவில் நானே பார்த்தேன்: குழிக்கு வெட்டிய கிடங்கின் பக்கச் சுவரில், என் முழங்கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. அது பார்த்திருந்த திசையில்தான் பக்கத்து வீட்டுக் கிணறு. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி விட்டால் போதும் என்று எல்லோரும் சொல்லும் கணக்கு மண்ணுக்குச் சரி. பொந்து விழுந்த கல்லுக்கு அது காணாது. அடியும் பக்கமும் மூடிய குழி கட்டி, நிரம்பினால் கழிவை உறிஞ்சி எடுக்கும் பவுசரைக் கூப்பிடுங்கள்.

இப்போது புதிதாக ஒரு மோகம், முற்றம் முழுக்கக் கல் பதிப்பது. மழை நிலத்தில் இறங்க வழியில்லாமல் வீதிக்கு ஓடுகிறது. வீதி வாய்க்கால் போய்ச் சேர வேண்டிய குளங்களில் பாதி தூர்ந்து கிடக்கிறது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது ஊர் பட்ட பாடு மறந்திருக்காது. ஆற்றுநீர் இல்லாத ஊர், தனக்குக் கிடைக்கும் ஒரே நீரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் தாழையடியில் கடல்நீரைக் குடிநீராக்க ஆலை கட்ட வேண்டி வந்தது. கூரைப் பீலியை ஒரு வடிகுழிக்குத் திருப்பிவிட எவ்வளவு செலவாகும்?

ரொறன்ரோ அண்ணையோடு மூன்று மாதம் இழுபட்டேன். கடைசியில் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கச் சம்மதித்தார். சைக்கிள் றிம் ஒன்றும், தண்ணீர் இறைக்கும் ஓட்டைத் தகரப் பட்டை ஒன்றும் வந்தன. அந்தக் காலத்தில் துலாவில் ஏறி மிதித்து இறைத்தவர்கள் விடியற்காலையில் கொஞ்ச நேரம் இறைத்துவிட்டுக் கிணறு ஊற விட்டார்கள். நாங்களும் அரைக் குதிரைவலுப் பம்பு ஒன்றைப் போட்டு, தாங்கியை ஒரே மூச்சில் நிரப்பாமல் காலையும் மாலையும் என்று பிரித்தோம்.

நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்தார். கிணற்றடியில் நின்று வாளியால் அள்ளி அள்ளி வார்த்தார். "தேன் மாதிரி இருக்குத் தம்பி" என்றார். பரிசோதனை அறிக்கை என் கையில் இருந்தது. உப்பு சரி, நைத்திரேற்று எல்லைக்கு மேலே. பேத்தியின் பால்மாவுக்கு மட்டும் போத்தல் தண்ணீர் வாங்கச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.