டிடிஎஸ் மீட்டரை ஓரமாக வையுங்கள்

இந்த வாரமும் ஒரு கீசரைப் பிரித்தோம். எலிமென்ட்டை, அதாவது தண்ணீரைச் சூடாக்கும் கம்பியை, வெளியே இழுக்க முடியவில்லை. சுற்றிலும் விரல் தடிமனுக்கு வெள்ளைக் கறை. தட்டித் தட்டி உதிர்த்துப் பார்த்தால் செம்பு உறை கிழிந்து கிடக்கிறது. "டிடிஎஸ் பார்த்துட்டுத்தான் சார் மாட்டினோம், 400தான்" என்கிறார் வீட்டுக்காரர்.

எத்தனை தடவைதான் சொல்வது? டிடிஎஸ் மீட்டர் கடினத்தன்மையை, அதாவது கறை கட்டும் கால்சியம், மெக்னீசியம் எவ்வளவு என்பதை, காட்டாது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் உப்பெல்லாம் சேர்த்து (அதுதான் டிடிஎஸ்) லிட்டருக்கு இத்தனை மி.கி. இருக்கலாம் என்று ஒரு கணக்குச் சொல்லும், அவ்வளவுதான். அந்த 400-இல் சோடியம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. முழுக்கச் சமையல் உப்பாக இருந்தால் எலிமென்ட்டில் கறை கட்டாது (துருப்பிடிப்பது வேறு பஞ்சாயத்து). பெரும்பாலும் கால்சியம் பைகார்பனேட் என்றால், சூடு பட்டதுமே படியத் தொடங்கிவிடும்.

சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் கருவி) மாட்டியவர்கள் தொல்லை தனி. "மீட்டரில் குறையவே இல்லையே, ஏமாற்றிவிட்டீர்களே!" குறையாதுங்க. சாஃப்ட்னர் உப்பை நீக்குவதில்லை, மாற்றிக் கொடுக்கிறது. 20 மி.கி. கால்சியம் போனால் 23 மி.கி. சோடியம் வரும். மீட்டரில் பெரிய மாற்றம் தெரியாது.

கடினத்தன்மை பார்க்கும் சொட்டு கிட் வாங்குங்கள். தண்ணீர் முதலில் சிவக்கும். சொட்டுச் சொட்டாக விட்டால் நீலமாகும். எத்தனை சொட்டு என்று எண்ணி, கிட்டில் போட்டிருக்கும் எண்ணால் பெருக்குங்கள். லிட்டருக்கு 120 மி.கி. தாண்டினால் கடின நீர். 180-க்கு மேல் என்றால் சாஃப்ட்னர் இல்லாமல் கீசருக்கு விடவே விடாதீர்கள்.

சாஃப்ட்னருக்கு உப்புப் போட மறந்தால் அது வெறும் டப்பா. தெர்மோஸ்டாட் 60 டிகிரியில் இருந்தால் போதும், அதற்கு மேல் ஏற்ற ஏற்றக் கறையும் வேகமாகக் கட்டும். சாஃப்ட்னர் தண்ணீரில் ஆனோடு ராட் (டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தானே கரையும் கம்பி) சீக்கிரம் கரையும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கறை எடுக்க சிட்ரிக் ஆசிட் இருக்கிறது. டாய்லெட் ஆசிட்டை ஊற்றி டேங்கையும் சேர்த்துக் கரைத்துவிட்டு எனக்கு போன் செய்யாதீர்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சேஃப்டி வால்விலும் (டேங்கில் பிரஷர் ஏறினால் வெளியே விடும் வால்வு) இதே கறைதான் அடைக்கும். அது சொட்டுகிறதே என்று மூடி போட்டு இறுக்கிவிடாதீர்கள். உள்ளே ஏறும் பிரஷருக்கு வேறு வழியே கிடையாது, டேங்க் வெடிக்கும். சுவிட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.