மூன்றாம் மாதம் வலி போய்விடும், ஜவ்வு இன்னும் தயாராகியிருக்காது

கபடி ஆடும்போது முட்டி திரும்பியது, உள்ளே ‘டப்’பென்று ஒரு சத்தம், சில மணி நேரத்திலேயே வீக்கம். முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிணைக்கும் ஏ.சி.எல். ஜவ்வு அறுந்து வருகிறவர்களில் பலர் சொல்வது இதைத்தான். அறுவை சிகிச்சை என்று முடிவானதும், “டைட்டானியம் ஸ்க்ரூதானே டாக்டர்?” என்பார்கள். ஸ்க்ரூவின் வேலை, அறுந்த ஜவ்வுக்குப் பதிலாக நாங்கள் வைக்கும் தசைநார், அதாவது கிராஃப்ட், எலும்போடு ஒட்டும் வரை அதைப் பிடித்து வைப்பது. காலத்துக்கும் முட்டியைத் தாங்கப்போவது கிராஃப்ட்தான். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

நாங்கள் அதிகம் எடுப்பது தொடையின் பின்பக்கத் தசைநாரை, அதாவது ஹாம்ஸ்ட்ரிங்கை. முட்டிக்குக் கீழே உள்பக்கம் சின்னதாகக் கீறி உருவி எடுத்து, ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, மடித்துத் தைப்போம். பிறகு அளவுத் துளைகளில் நுழைத்துப் பார்ப்போம். 8 மில்லிமீட்டராவது இருந்தால் நிம்மதி. அதைவிட மெலிந்தால் மீண்டும் அறுந்துபோகும் வாய்ப்பு கூடும் என்பதால், இன்னொரு மடிப்பு போட முடியுமா என்று பார்ப்போம்.

முட்டிச் சிப்பிக்குக் கீழே உள்ள தசைநாரை இரு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுப்பது இன்னொரு வழி. எலும்போடு எலும்பு சீக்கிரம் ஒட்டும், பிடிப்பும் நன்றாக இருக்கும். ஆனால் மண்டியிட்டால் முன்பக்கம் வலிக்கலாம். டைல்ஸ் பதிக்கிறவருக்கும் தினமும் தொழுகிறவருக்கும் அது சின்ன விஷயம் இல்லை. அதனால் ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன்பே என்ன வேலை, வீட்டில் தரையில் உட்காருவீர்களா என்று கேட்டுவிடுவேன். தொடையின் முன்பக்கத் தசைநார், கணுக்கால் பக்கத் தசைநார் இரண்டும்கூட இப்போது பயன்படுகின்றன. இறந்தவர்களிடமிருந்து தானமாகப் பெறும் கிராஃப்ட், விளையாடும் இளைஞர்களுக்கு அதிகம் தோற்கிறது. அவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

எதை வைத்தாலும், உள்ளே போன கிராஃப்டுக்கு முதலில் ரத்த ஓட்டம் கிடையாது. அதிலுள்ள செல்கள் பெரும்பாலும் மடியும். அப்புறம்தான் புது ரத்தக் குழாய்கள் ஊர்ந்து வந்து, புது செல்கள் குடியேறி, மெல்ல மெல்ல ஜவ்வாக மாறும். இதற்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். இடையில் ஏறக்குறைய 6 முதல் 12 வாரம் வரை கிராஃப்ட் மிகவும் பலவீனமாக இருக்கும். வீக்கம் வடிந்து, வலி போய், பைக் ஓட்டலாமே, லேசாக ஒரு மேட்ச் ஆடலாமே என்று மனசு துடிப்பதும் சரியாக அப்போதுதான். தயவுசெய்து ஆடாதீர்கள். வலி இல்லை என்பதை வைத்து உள்ளே ஆறிவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது.

சிகரெட் பிடிக்கிறவர்களிடம் கட்டாயம் நிறுத்தச் சொல்கிறேன். புகை ரத்த ஓட்டத்தைக் கெடுத்து ஆறுவதைத் தாமதப்படுத்தும். பிசியோதெரபியை ‘நடக்க வந்துவிட்டதே’ என்று பாதியில் விடவும் கூடாது. களத்தில் இறங்குவதற்குக் குறைந்தது 9 மாதம் வேண்டும். அப்போதும் காலண்டர் மட்டும் போதாது. ஆபரேஷன் செய்த காலின் தொடை பலம் மறுகாலின் பலத்தில் 90 சதவீதமாவது இருக்கிறதா, ஒற்றைக் காலில் தாண்டிக் குதித்து முட்டி உள்பக்கம் சாயாமல் நிற்க முடிகிறதா என்று சோதித்த பிறகுதான் ஆடச் சொல்வேன்.