கைக்கடிகாரம் சர்க்கரை பார்க்காது

மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் கடை வைத்திருக்கும் ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர், கால் பெருவிரலில் ஆறாத புண்ணோடு சென்ற வாரம் என்னிடம் வந்தார். பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவர், மூன்று வாரங்களாக இரவு ஊசியை நிறுத்திவிட்டிருந்தார். காரணம் கேட்டதும், இணையத்தில் வாங்கிய கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்து, "வாட்சுல நூத்திப் பதினெட்டுதான டாக்டரய்யா காட்டுது, அப்புறம் எதுக்கு ஊசி?" என்றார். அன்றைக்கே லேப் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 412 இருந்தது. அந்தக் கடிகாரத்தை நான் மேசையிலிருந்த பஞ்சுச் சுருளில் கட்டி, பொத்தானை அழுத்திக் காட்டினேன். சிறிது நேரம் பச்சை விளக்கு மினுக்கிவிட்டு, பஞ்சுக்குச் சர்க்கரை 109 என்று அறிவித்தது.

இவர் முதல் ஆள் அல்லர் என்பதால்தான் இதை எழுதுகிறேன். உசிலம்பட்டியிலிருந்து வந்த ஆசிரியை ஒருவரும், மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரும் இதே வகைக் கடிகாரத்தைக் காட்டி, ஏறத்தாழ இதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள். மூவரும் என்னிடம் கேட்ட கேள்வியும் ஒன்றுதான்: "மெஷின் பொய் சொல்லுமா?"

சொல்லும். அது எப்படி என்று புரிய வேண்டுமானால், உண்மையாகவே சர்க்கரை பார்க்கும் கருவி எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் வீட்டுக் குளுக்கோமீட்டரின் ஸ்ட்ரிப் வெறும் பிளாஸ்டிக் துண்டு அல்ல. அதன் நுனியில் ஒரு நொதி, அதாவது உயிரினங்களிலிருந்து பெறப்படும் ஒரு புரதம், உலர்ந்த நிலையில் பூசப்பட்டிருக்கிறது. பல ஸ்ட்ரிப்புகளில் இருக்கும் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதியை ஒருவகைப் பூஞ்சைக்காளானிலிருந்து எடுக்கிறார்கள். ரத்தத்துளி பட்டதும் அந்த நொதி சர்க்கரையைப் பிடித்து அதிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்தெடுக்க, அவை மின்முனைக்குப் போய்ச் சேர்ந்து மிகச் சிறிய மின்னோட்டமாக மாறுகின்றன. அந்த மின்னோட்டத்தைத்தான் மீட்டர் எண்ணாக்கிக் காட்டுகிறது. பாதி உயிர்ப்பொருள், பாதி மின்னணு. 1962இல் லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி முன்வைத்த இந்த யோசனையின் வழித்தோன்றல்கள்தாம் இன்றைய ஸ்ட்ரிப்பும், தோள் பக்கம் ஒட்டி வைத்துப் பதினான்கு நாள் தொடர்ந்து பார்க்கும் சென்சாரும்.

ஆகவே ஒரு கருவி சர்க்கரையை அளக்க வேண்டுமானால், சர்க்கரையைத் தொட்டாக வேண்டும். கடிகாரத்தின் பச்சை விளக்கு தோலுக்கடியில் ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்க்கிறது. நாடித்துடிப்பை எண்ணுவதற்கு அது போதும். சர்க்கரையை அறிய அதனிடம் எதுவுமே இல்லை. தோலைக் குத்தாமல் தானாகவே சர்க்கரை பார்ப்பதாகச் சொல்லும் எந்த ஸ்மார்ட் கடிகாரத்துக்கும் ஸ்மார்ட் மோதிரத்துக்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கையில் ஒட்டிய சென்சார் அனுப்பும் எண்ணைச் சில நல்ல கடிகாரங்கள் திரையில் காட்டும். அங்கே அளப்பது சென்சார், கடிகாரம் வெறும் பலகை. சென்சாரும் இல்லை, குத்தலும் இல்லை, ஆனாலும் எண் வருகிறது என்றால் அந்த எண் சர்க்கரை அல்ல. அமேசானில் ஐந்து நட்சத்திரம் இருந்தாலும் அல்ல, சவூதியிலிருந்து மாப்பிள்ளை வாங்கி வந்திருந்தாலும் அல்ல. (தடுப்பூசிக்குள் நானோ சிப் இருக்கிறதா என்று என்னிடம் பயந்து பயந்து கேட்டவர்களில் ஒருவர்தான், யார் செய்தது என்றே தெரியாத ஒரு கடிகாரத்தை நம்பி ஊசியை நிறுத்தினார்.)

உண்மையான கருவியும் தவறும். அதில் இருப்பது புரதம், புரதத்துக்கு வெயில் ஆகாது. பெரும்பாலான ஸ்ட்ரிப் குப்பிகளின் மேல் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி அச்சிட்டிருக்கிறது. கத்திரி வெயிலில் மதுரை 40 டிகிரியைத் தாண்டுகிறது, ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் அதற்கும் மேல். அங்கே வைத்த குப்பியிலிருந்து ஸ்ட்ரிப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, மீட்டர் ரிப்பேர் என்று வருகிறார்கள். மூடியைத் திறந்தே வைத்தால் ஈரம் ஏறி நொதியும் அதோடு பூசிய ரசாயனமும் கெடும். இன்சுலினைப்போல ஸ்ட்ரிப்பையும் ஃபிரிட்ஜில் வைக்கலாமே என்று நினைக்காதீர்கள், வெளியே எடுக்கும்போது ஈரம் பூத்துவிடும். வீட்டுக்குள் நிழலான அலமாரி போதும். மீதமிருக்கும் ஸ்ட்ரிப்புகளைப் பழைய மாத்திரை டப்பாவுக்கு மாற்ற மட்டும் வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற மே மாதம் ஓர் அம்மாவுக்குக் காலையில் சர்க்கரை 340 காட்டியிருக்கிறது. பதறிப்போன மகன் இன்சுலினைக் கூட்டிப் போட்டுவிட, ஒரு மணி நேரத்துக்குள் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். குளுக்கோஸ் ஏற்றி அவர் தெளிந்து எழுந்த பிறகு விசாரித்ததில், விரலைக் குத்துவதற்கு முன்பு அவர் பேரப்பிள்ளைகளுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. நொதிக்கு உங்கள் ரத்தத்துச் சர்க்கரையும் மாம்பழத்துச் சர்க்கரையும் ஒன்றுதான். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் பழச்சாறு முழுதாகப் போகாது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகு குத்துங்கள். எதிர்பாராத எண் வந்தால் மீண்டும் கழுவி, வேறு விரலில் ஒருமுறை பாருங்கள், அதற்குப் பிறகு ஊசியைப் பற்றி யோசிக்கலாம்.

ரத்தசோகை உள்ளவர்களுக்குச் சில மீட்டர்கள் கூடுதலாகக் காட்டும். வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்கள் ஐகோடெக்ஸ்ட்ரின் கலந்த திரவம் பயன்படுத்தினால், சிலவகை நொதி அந்தத் திரவத்திலிருந்து உண்டாகும் மால்ட்டோஸ் என்ற வேறுவகைச் சர்க்கரையையும் ரத்தச் சர்க்கரை என்றே எண்ணிவிடும். அப்படிக் கூடுதலாகக் காட்டிய எண்ணை நம்பி இன்சுலின் போட்டதால் நேர்ந்த இறப்புகளைச் சுட்டிக்காட்டி 2009இல் அமெரிக்காவில் எச்சரிக்கை வெளியானது. ஆகவே அவர்கள் மீட்டர் வாங்கும் முன் சிறுநீரக மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். சென்சார் ஒட்டியவர்கள் சத்துக்காக விட்டமின் சி மாத்திரையைத் தாமாகப் போட்டுக்கொள்வதைச் சொல்லிவிடுங்கள், சிலவகைச் சென்சாரில் நாளுக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் எண் கூடும். சென்சார் ஒட்டிய பக்கமே அழுந்தப் படுத்துத் தூங்கினால், இல்லாத லோ சுகரைக் காட்டி நடு இரவில் அலாரம் அடிக்கும். அது அளப்பது ரத்தத்தை அல்ல, திசுக்களுக்கு இடையிலுள்ள நீரை, அதனால் சில நிமிடங்கள் பின்தங்கித்தான் வரும். உடம்பு நடுங்குகிறது, ஆனால் சென்சாரில் எண் சரியாக இருக்கிறது என்றால், உடம்பை நம்பி விரலைக் குத்திப் பாருங்கள்.

நானோ ஆராய்ச்சி, அதாவது கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய பொருள்களைக் கொண்டு செய்யும் ஆராய்ச்சி, இதையெல்லாம் சரிசெய்துவிடும் என்று படித்த நோயாளிகள் செய்தித்தாளை நறுக்கி எடுத்துவருகிறார்கள். அந்த ஆராய்ச்சியின் மீது எனக்கு மதிப்பு உண்டு. நொதியின் நடுவில் புதைந்திருக்கும் எலெக்ட்ரானை வெளியே கடத்திவர கார்பன் நானோகுழாயும் தங்க நானோதுகளும் உதவுகின்றன. 2001இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சார்லஸ் லீபரின் குழு, சிலிக்கான் நானோகம்பியில் உயிர்மூலக்கூறுகளைப் பிணைத்து, மிக நுண்ணிய அளவிலுள்ள மூலக்கூறுகளையும் மின்சமிக்ஞையாகக் கண்டுபிடித்துக் காட்டியது. ஆனால் கண்ணாடிக் குப்பியிலிருக்கும் சுத்தமான திரவம் வேறு, மனித உடம்பு வேறு. உள்ளே போன எதன்மீதும் உடம்பு புரதத்தைப் படியவிட்டு, வேலி கட்டி ஒதுக்கப் பார்க்கும். கண்ணீரிலிருந்து சர்க்கரை பார்க்கும் காண்டாக்ட் லென்ஸை 2014இல் கூகுள் அறிவித்தது. கண்ணீர்ச் சர்க்கரைக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் பொருத்தம் போதவில்லை என்று 2018இல் அதை நிறுத்திவைத்தார்கள். உண்மையான சர்க்கரைக் கடிகாரம் ஒன்றுக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. அது மெல்லிய மின்சாரத்தால் தோல் வழியே திரவத்தை இழுத்து, நொதியைக் கொண்டே அளந்தது. தோல் எரிச்சல் தாங்காமல் மக்கள் கழற்றி வைக்க, சில ஆண்டுகளில் சந்தையை விட்டே போனது. அவ்வளவு பணமும் அறிவும் கொட்டியவர்களுக்கே கைகூடாதது, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க் கடிகாரத்தில் எப்படி வந்திருக்கும் என்று வாங்குவதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

பூக்கடைக்காரருக்கு விரல் தப்பியது. இரவு ஊசியை மறுபடி தொடங்கிவிட்டார்.

என்னிடம் வருபவர்கள் இனி மீட்டரையும் ஸ்ட்ரிப் குப்பியையும் கையோடு எடுத்து வாருங்கள். வெறும் வயிற்றில் லேபுக்கு ரத்தம் கொடுக்கும் அதே நேரத்தில் உங்கள் மீட்டரிலும் பார்த்து, இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள். லேபில் 100க்கு மேல் இருக்கும்போது நூற்றுக்குப் பதினைந்து வரை முன்பின் இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் முதலில் குப்பியின் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு, பிறகு என்னைக் கூப்பிடுங்கள்.